தாங்கிப் பிடிக்கும் கைகள்



பராமரிப்பைக் குறிக்க 'மெயின்டெனன்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லை நாம் எல்லாரும் அறிவோம். அதே பொருளில் 'சஸ்டென்டேஷன்' என்று அரிதாக வழங்கும் இன்னொரு சொல்லும் உண்டு. அதன் வேர் இலத்தீன். 'சுப்' என்றால் கீழே. 'தெனேரே' என்றால் பிடித்தல். ஆக, கீழிருந்து தாங்கிப் பிடித்தல். குருக்களின் வாழ்வாதாரம் பற்றிப் பேசும் திருச்சபைச் சட்டம் 1254-இன் இலத்தீன் மூலத்திலும் இச்சொல் உள்ளது.

இலத்தீன் விவிலியத்தில், விடுதலைப் பயணம் 17-ஆம் அதிகாரத்தில், இதன் வினைச்சொல்லைக் காண்கிறோம். அமலேக்கியரோடு போர் நடக்கிறது. குன்றின்மேல் மோசேயின் கைகள் உயர்ந்திருக்கும்வரை இஸ்ரயேலர் வெல்கிறார்கள், தளர்ந்தால் தோற்கிறார்கள். ஆரோனும் கூரும் இருபுறமும் நின்று, கதிரவன் மறையும்வரை அந்தக் கைகளைத் தாங்குகிறார்கள். அவர்கள் வாளெடுக்கவில்லை. ஆயினும் அவர்கள் இல்லாமல் அந்த வெற்றி இல்லை.

நம் உத்திரமேரூரின் பெருமை குடவோலை. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அதைச் சொல்கின்றன. அவற்றில் ஏரி வாரியமும் உண்டு. 6 பேர், 360 நாள் பொறுப்பு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினருக்கும் மறுபடி இடமில்லை. ஏரியை வெட்டியதோடு வேலை முடிந்தது என்று அவர்கள் எண்ணவில்லை.

ஆனால் அந்தக் குடத்தில் எல்லார் பெயரும் விழவில்லை. நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்கே இடம். கரைக்கு மண் சுமந்தவர்களின் பெயர் அங்கே இல்லை. கீழிருந்து தாங்கியவர்கள் அவர்களே. ஆண்டவர் அவர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிவார்.

நம்மிடமும் ஒரு சொல் உண்டு: குடிமராமத்து. 'மராமத்து' அரபியிலிருந்து வந்தது; பழுது பார்த்தல் என்று பொருள். 'குடி' நாம்தான். 2017-இல் தமிழக அரசு இப்பெயரில் ஏரிப் பணிகளுக்கு நிதி ஒதுக்கியது. நிதி அரசினுடையது, ஏரி நம்முடையது.

ஐப்பசி மழைக்கு முன் நம் ஊர் வரத்துக்கால்வாயைப் பார்ப்போமா? குப்பை கொட்டுவதை நிறுத்துவோமா? செலவுக் கணக்கை எல்லார் முன்பும் வைப்போமா? வீட்டில் படுத்திருக்கும் முதியவரைத் தினமும் தூக்கி உட்கார வைக்கும் சகோதரிக்கு, ஒரு நாளாவது நாம் கைமாற்றுவோமா?

ஆரோனும் கூரும் இருவராக நின்றதால்தான் மாலைவரை தாங்க முடிந்தது. ஒருவரையே தாங்க விடாதிருக்கும் அருளை ஆண்டவரிடம் கேட்போம். ஆமென்.