மண்வெட்டிக் காம்பைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள்



விதை, உரம், பூச்சிமருந்து என்று இந்த நேரத்தில் எவ்வளவோ பேசியிருக்கிறோம். இன்றைக்கு ஒரு மரக்கட்டையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். மண்வெட்டிக்குப் போடுகிற காம்புதான் அது. சில ஊரில் கணை என்பீர்கள், சில ஊரில் பிடி என்பீர்கள். நான் காம்பு என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

"இதுல சொல்றதுக்கு என்ன சார் இருக்கு? ஆசாரி பாத்துக்குவாரு" என்று நீங்கள் நினைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கோடையில், லால்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் வாய்க்கால் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று வெட்டுகிறார்கள். நான் கரைமேல் நிற்கிறேன். ஒருவர் மண்வெட்டியை ஓங்கினார். தகடு காம்பை விட்டுக் கழன்று, பக்கத்தில் நின்றவருடைய முழங்காலுக்குக் கீழே பாய்ந்தது. சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தையல் போட்டோம். கால் தப்பியது. ஆனால் குறுவை நடவு முடிகிற வரைக்கும் அவர் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். அன்றாடம் கூலிக்குப் போகிறவருக்கு நடவுக் காலம் போனால் என்ன மிச்சம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மண்வெட்டிக்காரர் அழாத குறை. "ராத்திரியே தொட்டியில ஊறப்போட்டுத்தான் கொண்டாந்தேன் சார். காலையில கல்லு மாதிரி இருந்துச்சு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. காலையில் அது கெட்டியாகத்தான் இருந்திருக்கும். ஊறப்போட்டதுதான் வினை.

எப்படி என்று பாருங்கள். மரம் தண்ணீர் குடித்தால் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. குறுக்குவாட்டில்தான் மாறும். காம்பு நுழைகிற துளை இரும்பு. அது விரிந்து கொடுக்காது. பருக்க இடம் இல்லாத மரம் தன் நாரைத் தானே நசுக்கிக்கொள்கிறது. காலையில் கெட்டியாக இருக்கிறது. பத்து மணி வெயில் ஏறினதும் காய்கிறது. நசுங்கிப் போன மரம் காயும்போது, நேற்று இருந்ததைவிட மெலிந்துவிடும். அதனால் இன்று ராத்திரியும் ஊறப்போட வேண்டும். நாளைக்கு இன்னும் மெலியும். இப்படியே ஒரு மாதம் போனால் காம்பு துளைக்குள் லொடலொடவென்று ஆடும். வண்டிச் சக்கரத்தைக் குளத்தில் இறக்கி வைக்கிறோமே என்று கேட்பீர்கள். அதுவும் அன்றைக்கு மட்டும் ஆகிற வைத்தியம்தான். இரும்புப் பட்டையைக் கழற்றிக் குறுக்கிப் போட்டால்தான் சக்கரம் நிற்கும் என்று எந்தக் கொல்லரும் சொல்வார்.

அப்படியானால் காம்பு ஆடாமல் இருக்க வழி என்ன? காய்ந்த மரத்தில் காம்பு செய்ய வேண்டும். நம்மில் பலர் செய்வது என்ன? பழைய காம்பு முறிந்தால், வேலியில் ஒரு கிளையை வெட்டி, பட்டையைச் சீவி, அன்றைக்கே மாட்டிவிடுகிறோம். பச்சை மரம் சுருங்காமல் என்ன செய்யும்? அடுத்த வருஷத்துக் காம்புக்கு இந்த வருஷமே கட்டை வெட்டிப் போட்டு வையுங்கள்.

மரத்துக்கு எங்கேயும் போக வேண்டாம். கருவேல் வைரம் எல்லாவற்றுக்கும் மேல். பூவரசு, புளி, இலந்தை, வாகை இவையும் நல்லதே. கொய்யாத் தோட்டம் வைத்திருப்பவர்கள் கவாத்து செய்யும்போது பருத்த கிளையை விறகுக்குப் போடாதீர்கள். இறுக்கமான மரம், கைக்கும் வழவழப்பாக வரும். சீமைக் கருவேல் அவ்வளவாகச் சுருங்காத மரம். அதில் நேரான துண்டு கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சவுக்கும் தைலமரமும் கைக்கு நேராகக் கிடைக்கும், ஆனால் காயும்போது வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும். ஒதியைப் பற்றி ஊரில் வழங்குகிற பழமொழியே போதும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஏரிக்குள் நிற்கிற கருவேல் அரசாங்கத்து மரம். அதில் கை வைத்துவிட்டு என் பேரைச் சொல்லாதீர்கள்.

கட்டையை அறுத்து எடுப்பதைவிடப் பிளந்து எடுப்பது நல்லது. கோடாலி போட்டுப் பிளந்தால் மரம் தன் நார் ஓடுகிற வழியிலேயே பிளக்கும். ரம்பம் நாரைப் பார்க்காது, தன் போக்கில் அறுத்துக்கொண்டு போகும். காம்பின் பக்கவாட்டில் நார்க்கோடுகளைப் பாருங்கள். கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடினால் அது காம்பு. பாதியிலேயே சரிந்து வெளியே போய்விட்டால், அந்த இடத்தில்தான் ஒருநாள் முறியும். கடையில் காம்பு வாங்குகிறவர்களும் பளபளப்பைப் பார்க்காமல் இதைப் பார்த்து வாங்குங்கள். நடுவில் கணுவும் இருக்கக்கூடாது. கிளையின் நடுவே இருக்கிற சோறு போன்ற மெதுப்பகுதியும் காம்புக்குள் வரக்கூடாது. அதைச் சுற்றித்தான் வெடிப்பு விழும். ஆகவே தடித்த கிளையாக எடுத்து, நாலாகப் பிளந்து, ஒவ்வொரு கால்பாகத்திலும் ஒரு காம்பு எடுக்கலாம்.

மூன்றடி நீளத்தில் வெட்டிப் பிளந்ததும், இரண்டு முனையிலும் சாணியும் களிமண்ணும் குழைத்துப் பூசுங்கள். முனை வழியாகத்தான் ஈரம் சீக்கிரம் போகும், அதனால்தான் முனை வெடிக்கிறது. பிறகு காற்றோட்டமான நிழலில், செங்கல் மேல் அடுக்கி வையுங்கள். தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நிலாவைப் பற்றி வாதாட நான் வரவில்லை. எந்தப் பிறையில் வெட்டினாலும் நிழலில் உலர்த்துங்கள், அவ்வளவுதான். எப்போது காய்ந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு கட்டையில் அடையாளம் போட்டு, வாரம் ஒருமுறை மளிகைக்கடைத் தராசில் நிறுத்துச் சுவரில் எழுதி வையுங்கள். எடை குறைந்துகொண்டே வரும். மூன்று நாலு வாரம் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால் கட்டை தயார்.

இனி செதுக்குகிற வேலை. எடுத்த எடுப்பில் உருண்டையாகச் செதுக்கப் பார்த்தால் கோணல்தான் வரும். முதலில் இழைப்புளியால் நாலு பக்கமும் சதுரமாக்குங்கள். பிறகு நாலு மூலையையும் சீவினால் எட்டுப்பட்டை. அந்த எட்டு மூலையையும் லேசாகச் சீவினால் பதினாறு பட்டை. அதற்கு மேல் அரத்தால் தேய்த்தால் தானாக உருண்டையாகிவிடும். கை பிடிக்கிற இடத்தை மட்டும் முழு உருண்டையாக விடாதீர்கள். இரண்டு பக்கமும் லேசாகத் தட்டையாக்கி, முட்டை வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். இருட்டில் பிடித்தாலும் தகடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கைக்குத் தெரியும். உள்ளங்கையில் காம்பு சுழலாது. கொப்புளம் வருவது பெரும்பாலும் இந்தச் சுழற்சியால்தான்.

பருமன் எவ்வளவு? இதில்தான் நாம் பெரிய தவறு செய்கிறோம். ஆளுக்கு ஆள் கை வேறு. காம்பைப் பிடித்துப் பாருங்கள். கட்டைவிரல் நுனி ஆள்காட்டி விரல் நுனிமேல் கொஞ்சம் படிய வேண்டும். படியாமல் இடைவெளி இருந்தால் காம்பு பருமன். விரல் நுனிகள் உள்ளங்கையில் குத்தினால் மெலிவு. நடுத்தர ஆணின் கைக்கு, காம்பைச் சுற்றி நூல் வைத்து அளந்தால் ஏறக்குறைய நாலரை அங்குலம் வரும். பெண்களுக்கு நாலு அங்குலம் போதும். ஆண் பிடிக்கிற தடித்த காம்பைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, "சாயங்காலம் ஆச்சுன்னா இந்தப் பொம்பளைங்க வேலை ஓடமாட்டேங்குது" என்று வரப்பில் நின்று பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பருத்த காம்பை இறுக்கிப் பிடிக்கவே பாதிச் சக்தி போய்விட்டால் வேலை எப்படி ஓடும்? கருவி நம்முடையது என்றால் பொறுப்பும் நம்முடையது.

வழவழப்பாக்க உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி, உப்புத்தாள் போடலாம். பராய் மரத்தின் இலை சொரசொரப்பானது, உப்புத்தாள் வருமுன் மரத்தைத் தேய்க்க அந்த இலைதான். திருச்சிக்குப் பக்கத்தில் திருப்பராய்த்துறைக் கோயிலின் தலமரம் அதுவே. தேய்த்து முடித்ததும் ஈரத்துணியால் ஒரே ஒருமுறை துடையுங்கள். படுத்திருந்த நார் முடி போல எழும்பும். காய்ந்ததும் மறுபடி தேயுங்கள். இதை இப்போது செய்யாவிட்டால், வேலையில் வியர்வை பட்டதும் அந்த முடி எழும்பிக் கையைக் கிழிக்கும்.

துளையில் பொருத்துவதற்கு முன், துளையின் உள்ளே விளக்குக் கரி தடவுங்கள். காம்பை நுழைத்து உருவினால், எங்கே இடிக்கிறதோ அங்கே கறுப்பு ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் சுரண்டுங்கள். நாலைந்து முறை செய்தால் முழுச் சுற்றும் பொருந்திவிடும். துளை ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல் என்றால், காம்பின் தடித்த தலை அகலப் பக்கத்தில், கைக்கு எதிர்ப்புறமாக இருக்கட்டும். வீசும்போது தகடு வெளியே ஓடப் பார்க்கும். ஓட ஓடத் தடித்த தலையில் இறுகிக்கொள்ளும். துளை இரு பக்கமும் ஒரே அளவு என்றால், காம்பின் தலையில் துளை ஆழத்துக்கு முக்கால் பங்கு ரம்பத்தால் கீறி, நன்கு காய்ந்த வைரக் கட்டையில் ஆப்பு செய்து அடியுங்கள். ஆணி அடிக்காதீர்கள், அது காம்பைப் பிளக்கும். கோணிக் கிழிசல் செருகுவதும் வேண்டாம்.

பெயின்ட், வார்னிஷ் பூசினால் வியர்வையில் வழுக்கும். பெயின்ட் கடையில் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் கிடைக்கும். மூன்று தடவை, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக, மெல்லியதாகப் பூசினால் ஈரம் சட்டென்று உள்ளே போகாது. தேங்காய் எண்ணெய் காயாது, பிசுக்குத்தான் மிஞ்சும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவையுங்கள்.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துக் கீரைத் தோட்டங்களில் குட்டைக் காம்புக் களைக்கொத்தைத்தான் கூலியாட்களுக்குக் கொடுத்து வந்தார்கள். குட்டைக் காம்பில்தான் வேலை சுத்தமாக இருக்கும் என்று தோட்டக்காரர்கள் வாதாடினார்கள். முதுகு போய்விடுகிறது என்று தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1975-இல் அந்தக் களைக்கொத்து அங்கே தடை செய்யப்பட்டது. தோட்ட வேலை ஒன்றும் நின்றுவிடவில்லை. நம் ஊரில் யாரும் வழக்குப் போட வேண்டியதில்லை. அடுத்த காம்பை வழக்கத்தைவிட அரை அடி நீளமாக விட்டு, ஒரு வாரம் வெட்டிப் பாருங்கள். பிடிக்காவிட்டால் அறுத்துக்கொள்ளலாம்.

கதிர் அரிவாளுக்குப் பிடி போடுகிறவர்களும் இதே காய்ந்த கட்டையை எடுத்துக்கொள்ளலாம். சுண்டுவிரல் படுகிற கடைசிப் பக்கம் கொஞ்சம் பருத்திருந்தால் கை நழுவாது. அரிவாள் வாலைப் பழுக்கக் காய்ச்சிப் பிடிக்குள் இறக்கும்போது, வாய்ப்பக்கத்தில் ஈரத்துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சூடு ஏறி வாயின் பதம் போய்விடும்.

வேலைக்குக் கிளம்பும்போது மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடித்து, காம்பின் தலையை ஒரு கட்டைமேல் இரண்டு தட்டுத் தட்டிப் பாருங்கள். சத்தம் ஒன்றாகக் கேட்டால் எடுத்துப் போகலாம். தகடு தனியாகச் சலசலத்தால், அன்றைக்குப் பக்கத்து வீட்டு மண்வெட்டியை இரவல் கேளுங்கள்.