தூசியும் நுரையீரலும்

(அறவாரிய ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் அம்பாங் பெச்சா வட்டாரத் தோட்டங்களை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள் பலர் கல்லுடைப்பு, சிமெண்டு, மரத் தொழிற்சாலை வேலைகளுக்குப் போயிருக்கிறார்கள். பால்மரக் காட்டில் அட்டையும் கொசுவும் கண்ணுக்குத் தெரிந்த தொல்லைகள். தூசி அப்படியல்ல.

சிலாங்கூரிலேயே பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை நிலக்கரி வெட்டினார்கள். நம்மவரும் அங்கு உழைத்தார்கள். நிலக்கரித் தூசி நுரையீரலைக் கருக்கி இறுகச் செய்யும். அந்தச் சுரங்கம் மூடிவிட்டது. இன்று நாம் அஞ்ச வேண்டியது கல்தூசிக்கு.

கண்ணில் படும் தூசியைப் பெரும்பாலும் மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த துகள்தான் நுரையீரலின் அடிவரை போகிறது. கல்லிலுள்ள சிலிக்கா அங்கே தங்கித் தழும்பாகிறது. பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டு கழித்தே மூச்சு இரைக்கும். அந்தத் தழும்பைப் போக்க மருந்தில்லை. காசநோயும் எளிதில் பற்றும். சிகரெட்டும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்!

கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதும் என்கிறார்கள். போதாது. கல்லை நனைத்து வெட்ட வேண்டும். உலர்ந்த தூசியைப் பெருக்கக் கூடாது. அதன் பிறகுதான் முகத்தில் இறுகப் பொருந்தும் என்-95 கவசம். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இப்பொறுப்பை முதலாளி மீது வைக்கிறது. தாய்மார்களே, வேலைச் சட்டையை வீட்டுக்குள் உதறாதீர்கள்.

கிளினிக்கில் வெறுமனே "இருமல்" என்று சொல்லி மருந்து வாங்கி வராதீர்கள். என்ன வேலை, எத்தனை ஆண்டு என்றும் சொல்லுங்கள். தொழிலால் வந்த நோய் என்று உறுதியானால் சொக்சோ இழப்பீடு உண்டு. பழைய சம்பளச் சீட்டுகளையும் எக்ஸ்ரே படங்களையும் பத்திரமாக வைத்திருங்கள், விண்ணப்பிக்கும்போது உதவும்.