இலவசம் யார் செலவில்?

(சந்தவாசலில் நெசவாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

முன்பணம் என்றால் என்னவென்று இந்த ஊர்த் தறிக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பட்டும் ஜரிகையும் முதலாளி தருகிறார். முன்பணமும் தருகிறார், வட்டி கேட்பதில்லை. ஆனால் அது அடைகிறவரை வேறொருவருக்கு நெய்ய முடியாது. அவர் சொன்னதுதான் கூலி. கேட்காத வட்டி கூலியில் கழிகிறது.

இதே கணக்கு இன்று இன்டர்நெட்டிலும் நடக்கிறது.

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று சேலை விற்க இணையதளம் வைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலைப் படத்தை நண்பருக்கு அனுப்ப ஒரு பொத்தான் வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ண ஒரு கருவி வேண்டும். வாடிக்கையாளருடன் பேச ஒரு பெட்டி வேண்டும். இவற்றுக்கு விட்ஜெட் என்று பெயர். பல கம்பெனிகள் இவற்றைக் காசு வாங்காமல் தருகின்றன. அப்படியானால் அந்தக் கம்பெனி ஆட்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது?

வழிகள் மூன்று.

ஒன்று: கொஞ்சம் இலவசம், மேலே போனால் சந்தா. 2010-ல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் கம்பெனி சிறு தொழில்களுக்கு இலவசத் திட்டம் வைத்து, வளர்ந்தவர்களிடம் சந்தா வாங்கியது. 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியது. இதில் மறைவு இல்லை. விலை வாசலிலேயே எழுதியிருக்கிறது.

இரண்டு: விட்ஜெட்டின் அடியில் தன் பெயரை எழுதிக்கொள்வது. நம் சுவரில் அவர் விளம்பரம், வாடகை இல்லாமல்!

மூன்றாவதுதான் விஷயம். ஆட்திஸ் என்றொரு பொத்தான் இருந்தது. லட்சக்கணக்கான தளங்கள் அதை இலவசமாக ஒட்டிக்கொண்டன. பொத்தானை யாரும் அமுக்க வேண்டாம். பக்கத்தைத் திறந்தாலே போதும், வந்தவர் எதைப் பார்த்தார் என்பது கம்பெனிக்குப் போய்விடும். அந்த விவரம் விளம்பரக்காரர்களுக்கு விலைபோகும். 2014-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன், பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். வந்தவரின் கம்ப்யூட்டரை மறைவாக ஒரு படம் வரையச் சொல்லி, அது வரையும் விதத்தைக் கைரேகை போலப் பதிந்துகொண்டது இந்தப் பொத்தான். 2016-ல் ஆரக்கிள் என்ற பெருங்கம்பெனி ஆட்திஸ்ஸை வாங்கியது. 2023 மே மாதத்தோடு மூடியது. ஜனங்களின் விவரத்தைச் சேர்த்து விற்றதாக வந்த வழக்கில், தவற்றை ஒப்புக்கொள்ளாமலே, 11.5 கோடி டாலர் தர 2024-ல் ஆரக்கிள் சம்மதித்தது.

இதனால் தறிக்காரருக்கு என்ன நஷ்டம்? சங்கத்தின் தளத்தில் பட்டுச்சேலை பார்த்த பெண்மணிக்கு, அடுத்த நிமிஷம் பெரிய ஜவுளிக்கடையின் விளம்பரம் வந்து நிற்கும். வாங்குகிறவர் யார் என்று தெரிந்தவன் கையில்தான் விலை இருக்கிறது. அதை வியாபாரியிடமிருந்து மீட்கத்தானே சங்கம் வைத்தோம்? அதே பட்டியலை ஒரு பொத்தானுக்காகத் தாரை வார்க்கலாமா?

இணையதளமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதையும் ஒட்டுமுன் சங்கக் கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். இவர்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்? வந்தவர் விவரம் எங்கே போகிறது? இது இல்லாமல் நடக்குமா? பெரும்பாலும் நடக்கும், சேலைப் படம், விலை, சங்கத்தின் போன் நம்பர் போதும். போனில் இலவசமாக நெல் விலை பார்க்கும் விவசாயத் தோழரும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பு ஏட்டில் இருந்தால் போதாது, தோழர்களே! கேட்கிறவனுக்குத்தான் உரிமை. கூலியைக் கேட்டு வாங்கப் பழகிய நாம் இதையும் கேட்போம்!