தேயிலை மலையில் ஒரு சின்னக் குளவி

புசல்லாவையில் கொழுந்து பறிக்கிற கைகளுக்கு இது தெரியும். இரண்டு இலைகள் நூலால் தைத்ததுபோல ஒட்டியிருக்கும். பிரித்தால் உள்ளே பச்சைப் புழு.

ஒரு காலத்தில் இந்தப் புழு நம் இலங்கைத் தேயிலையைப் பாழாக்கியது. அதை அடக்கியது மருந்தல்ல, ஒரு சின்னக் குளவி. 1930களில் அதை ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். பொரித்து வருபவை புழுவையே தின்று வளரும். புழு அடங்கியது.

பிறகு, தேயிலைக் கிளையைத் துளைக்கிற வண்டுக்கு டீல்ட்ரின் மருந்து அடித்தார்கள். வண்டு குறைந்தது. அந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் குளவியும் செத்தது. அடங்கிக் கிடந்த புழு மறுபடி பெருகியது. ஒரு பூச்சியைக் கொன்ற மருந்து, இன்னொரு பூச்சியை வளர்த்துவிட்டது.

கோவாவும் போஞ்சியும் போட்டிருக்கிறவர்களே, உங்களுக்கும் இதே பாடம்தான்: புழுவைக் கண்டதும் மருந்துப் போத்தலைத் தேடாதீர்கள். முதலில் கையால் பொறுக்கிப் பாருங்கள். அடித்தே ஆகவேண்டுமென்றால், முகத்தை மூடிக்கொள்ளுங்கள். போத்தலில் சொன்ன அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். சொன்ன நாள் கழியாமல் பறிக்காதீர்கள்.