ஏட்டில் விடுபட்ட வரி
(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



குடிநீர், சாலை, தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டிய நான், முன்னாள் படைவீரரின் சேவை ஏட்டைப் பற்றிப் பேச முன்வந்திருப்பது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் இதுவும் கிராம நலனைச் சேர்ந்ததே. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை மக்கள் ‘இராணுவப்பேட்டை’ என்றே அழைக்கிறார்கள். அத்துணைப் பெயர் பெறாவிடினும், நம் ஒன்றியத்திலும் படையில் பணியாற்றித் திரும்பியோர் இல்லாத கிராமம் இல்லை.

பட்டாவில் தந்தையின் பெயரில் ஓரெழுத்துப் பிழையாக விழுந்துவிட்டால், அதைத் திருத்த நீங்கள் தாலுகா அலுவலகத்திற்கு எத்தனை நடை நடக்கிறீர்கள்! நிலம் உங்களுடையது, உழுவதும் நீங்கள், ஊர் முழுவதும் அதை அறியும். எனினும் ஏட்டில் இல்லாதது இல்லாததாகவே கொள்ளப்படுகிறது. படைவீரனின் பதக்கமும் அத்தகையதே. அவன் போர்முனையில் நின்றது உண்மை. ஆனால் ஏட்டில் அந்த வரி விடுபட்டுப்போனால், காலப்போக்கில் அந்த உண்மையே ஐயத்திற்கு இடமாகிவிடுகிறது.

இதை நான் நூலிற் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், ஆகஸ்ட் 15 கிராம சபைக்காக ஒரு பஞ்சாயத்தில் முன்னாள் படைவீரர் பட்டியலைத் தயாரித்தோம். எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர், மஞ்சட்பையில் தம் டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கொண்டுவந்தார். 1971ஆம் ஆண்டுப் போரில் மேற்கு எல்லையில் நின்றவர் என்று ஊரார் அவரைச் சொல்லுவார்கள். புத்தகத்திலோ, பதக்கங்களுக்குரிய இடத்தில் ஒன்பதாண்டு நீண்டகாலச் சேவைப் பதக்கம் ஒன்றே குறிக்கப்பட்டிருந்தது. பட்டியல் எழுதிய இளைஞர், “தாத்தா, எழுபத்தொன்றில் சண்டைக்குப் போனேன் என்பீர்களே, இதில் அப்படி ஒன்றும் காணோமே?” என்றார். அவர் மனத்தில் தீங்கில்லை. ஆயினும் அருகிலிருந்த சிலர் சிரித்துவிட்டனர். பெரியவர் புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டிற்குப் போய்விட்டார். அடுத்த இரண்டு கிராம சபைகளுக்கும் அவர் வரவில்லை.

அக்குறையில் எனக்கும் பங்கு உண்டு. அதற்கு ஓராண்டுக்கு முன்னரே அவர் ஒரு மனு எழுதி என்னிடம் கொடுத்திருந்தார். ‘இப்பொருள் இவ்வலுவலகத்தைச் சார்ந்ததன்று’ என்று குறிப்பெழுதி, அதைக் கோப்பிற் கட்டியவன் நானே. எழுதியது தவறன்று. ஆனால் எந்த அலுவலகத்தைச் சார்ந்தது என்று அவருக்கு நான் சொல்லவில்லை. அதுதான் தவறு. அந்த மனுவைத் தேடியெடுத்துக்கொண்டு அவர் வீட்டிற்குச் சென்றேன். “ஐயா, மெடலைக் குத்திக்கொண்டு நான் எங்கே போகப்போகிறேன்? நான் பொய் சொன்னவன் என்று ஊர் நினைக்காமல் இருந்தால் போதும்” என்றார். அன்றுதான் இப்பொருளைப் படிக்கத் தொடங்கினேன்.

பதக்கங்கள் இருவகைப்படும். முதல் வகை, தனி ஒருவரின் வீரச்செயலுக்காக வழங்கப்படுவது. பரம் வீர் சக்கரம், மகா வீர் சக்கரம், வீர் சக்கரம் முதலியன இதைச் சார்ந்தவை. இவை இந்திய அரசிதழில் வெளியிடப்படுவதால் பெரும்பாலும் விடுபடுவதில்லை. இரண்டாம் வகை, குறித்த காலத்தில் குறித்த இடத்தில் சேவை செய்த அனைவருக்கும் உரியது. 1965ஆம் ஆண்டுப் போருக்குச் சமர் சேவா ஸ்டாரும் ரக்ஷா பதக்கமும் வழங்கப்பட்டன. 1971ஆம் ஆண்டுப் போரில் கிழக்கு முனையில் நின்றோர்க்குப் பூர்வி ஸ்டார். மேற்கு முனையில் நின்றோர்க்குப் பச்சிமி ஸ்டார். அப்போர்க்காலச் சேவைக்குப் பொதுவாகச் சங்க்ராம் பதக்கம். 1972, 1997 ஆகிய ஆண்டுகளில் படையில் இருந்தோர்க்குச் சுதந்திர ஆண்டுவிழாப் பதக்கங்கள் உண்டு. விடுபடுவன பெரும்பாலும் இவ்வகையினவே.

எவ்வாறு விடுபடுகின்றன? வீரரின் திருமணம், குழந்தைப் பிறப்பு, மாற்றம், பதக்கம் ஆகிய ஒவ்வொன்றையும் அவருடைய பிரிவு ‘பார்ட் டூ ஆர்டர்’ என்னும் ஆணையாக வெளியிடவேண்டும். அதைக் கொண்டுதான் பதிவேட்டு அலுவலகம் சேவை ஏட்டில் வரவு வைக்கும். நம் பெரியவர், போர் முடிந்த சில வாரங்களில் காமாலை நோயினால் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். பிறகு வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார். ‘இங்கிருந்து போனவர்’ என்று பழைய பிரிவு அவரை விட்டது. ‘எம்மோடு போரில் நின்றவரல்லர்’ என்று புதிய பிரிவும் விட்டது. இரண்டு பாத்திகளுக்கு இடையே வரப்பில் விழுந்த விதையைப் போல அவர் பெயர் நின்றுவிட்டது.

பெயர்க் குழப்பமும் ஒரு காரணம். நம்மவர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தையின் பெயரே முதலெழுத்தாக நிற்கிறது. சுப்பிரமணியன் என்பவர் ஓரேட்டில் சுப்ரமணியாகவும், மற்றோர் ஏட்டில் மணியனாகவும், வேறொன்றில் தந்தையின் பெயராலும் எழுதப்பட்டுவிடுவார். இது நமக்கு மட்டும் உரிய இடரன்று. கார்கில் போரில் 1999 ஜூலை 4ஆம் நாள் டைகர் குன்றில் போரிட்ட யோகேந்திர சிங் யாதவ் என்னும் பத்தொன்பது வயது வீரருக்குப் பரம் வீர் சக்கரம், இறந்தபின் அளிக்கப்படும் விருதாக அறிவிக்கப்பட்டது. அவரோ மருத்துவமனையில் உயிரோடிருந்தார். உயிர்நீத்தவர் அதே பட்டாளத்தில் அதே பெயருடைய மற்றொரு வீரர். நாட்டின் தலையாய விருதிலேயே பெயர் இவ்வாறு மயங்குமானால், சாதாரணப் பதக்கப் பட்டியலைச் சொல்லவும் வேண்டுமோ? ஆதலின் படைவீரர்க்குப் பெயரைவிடச் சேவை எண்ணே உறுதியான அடையாளம்.

இனி, செய்யவேண்டுவனவற்றைச் சொல்லுகிறேன்.

முதலாவது, டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணையையும் எடுத்துப் பாருங்கள். சேவை எண், பெயர், பிரிவு, சேர்ந்த நாள், விடுபட்ட நாள் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதுங்கள். எந்தப் பதக்கம் விடுபட்டது, அக்காலத்தில் எந்தப் பிரிவில் எங்கே இருந்தார் என்பதையும் எழுதுங்கள்.

இரண்டாவது, சான்று தேடுங்கள். பெரியவரின் மனைவியார், கணவர் எழுதிய கடிதங்களை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். அவற்றில் பிரிவின் பெயரும் ‘56 ஏ.பி.ஓ.’ என்னும் இராணுவ அஞ்சல் முகவரியும் இருந்தன. 1971 டிசம்பர் மாதத்து முத்திரையும் தெளிவாக இருந்தது. அந்த அம்மையார்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் ஒரு கடிதத்தையும் அவர் எறியவில்லை. பழைய புகைப்படம், விடுமுறைச் சீட்டு, உடன் பணியாற்றியவரின் எழுத்துமூலமான சான்று ஆகியனவும் உதவும்.

மூன்றாவது, மனுவை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக உரிய பதிவேட்டு அலுவலகத்திற்கு அனுப்புங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சார்ந்தோர்க்கு அது நீலகிரி வெல்லிங்டனில் உள்ளது, மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையினர்க்குப் பெங்களூரில், பீரங்கிப் படையினர்க்கு நாசிக் ரோட்டில், சிக்னல் பிரிவினர்க்கு ஜபல்பூரில், கடற்படையினர்க்கு மும்பையில், விமானப்படையினர்க்குப் புதுதில்லியில். மூலப் புத்தகத்தை அனுப்பாதீர்கள், நகலையே அனுப்புங்கள். விரைவுத் தபாலில் அனுப்பி, அச்சீட்டைப் பாதுகாத்து வையுங்கள்.

நான்காவது, விடை வராவிடின் சோர்ந்துவிடாதீர்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி, தம் சேவை ஏட்டில் உள்ளதைத் தமக்குத் தெரிவிக்குமாறு வீரர் கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் விடை தரவேண்டும். உரிமை மறுக்கப்படின் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அதன் அமர்வு ஒன்று சென்னையிலேயே உள்ளது.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். கடையில் பதக்கம் வாங்கிக் குத்திக்கொள்ளுவது திருத்தமாகாது. அரசு வழங்கும் பதக்கத்தின் விளிம்பில் வீரரின் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வாறே, உரியதல்லாத பதக்கத்தைக் கேட்டு மனுச் செய்வதும் கூடாது. ஒருவர் பொய்யாகக் கேட்டால், உண்மையாகக் கேட்கும் பத்துப் பேரின் சொல்லும் மதிப்பிழக்கும்.

காலம் தாழ்த்தலாகாது என்பதற்கும் காரணம் உண்டு. ஓய்வூதியமின்றிப் படையை விட்டு வந்தோரின் சேவை ஆவணங்கள், இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின் அழிக்கப்படுவது படைத்துறை விதி. ‘லாங் ரோல்’ எனப்படும் நெடும்பட்டியலில் சுருக்கமான விவரமே எஞ்சும். விதியால் அன்றி விபத்தாலும் ஏடுகள் அழியும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்துப் பணியாளர் ஆவண மையத்தில் 1973 ஜூலை 12ஆம் நாள் மூண்ட தீயில், ஒரு கோடியே அறுபது லட்சத்திற்கும் மேற்பட்ட படைவீரர் கோப்புகள் எரிந்துபோயின. அங்கே வீட்டுப் பெட்டியில் காகிதம் வைத்திருந்தவர்க்கு அதுவே சான்றாக நின்றது. டிரங்குப் பெட்டியின் அருமை இப்பொழுது உங்களுக்கு விளங்கும்.

நம் பெரியவரின் மனுவுக்கு எட்டு மாதத்தில் விடை வந்தது. சங்க்ராம் பதக்கமும் பச்சிமி ஸ்டாரும் அவர் ஏட்டில் ஏற்றப்பட்டன. பின்னர் பதக்கங்களும் தபாலில் வந்தன. அவ்வாண்டு குடியரசு நாள் கிராம சபையில், அன்று கேள்வி கேட்ட அதே இளைஞர் அக்கடிதத்தை உரக்கப் படித்தார். பெரியவரைப் பேச அழைத்தோம். அவர் தம்மைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. “என்னோடு ஒரே பதுங்குகுழியில் இருந்தவன் அடுத்த ஊர்க்காரன். அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் புத்தகத்தையும் பாருங்கள் ஐயா” என்று மட்டும் சொல்லி அமர்ந்தார்.

பார்த்தோம். அவ்வீரர் ஓய்வூதியமின்றி ஊர் திரும்பியவர். அவர் ஏட்டிலும் அதே வரிகள் இல்லை. அவருடைய மனைவியார் பெயரால் மனு அனுப்பியிருக்கிறோம். அது இன்றளவும் நிலுவையில் உள்ளது. நெடும்பட்டியலில் என்ன எஞ்சியிருக்கிறதோ, அதைக் கொண்டுதான் முடிவு வரவேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் யாரேனும் ஒருவர் கேட்டிருந்தால் அந்த அம்மையார்க்கு இத்துணைக் காத்திருப்பு நேர்ந்திராது.

நண்பர்களே! வீரனின் பெயரை எழுதிவைப்பது நமக்குப் புதியதன்று. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியில், எடுத்தனூர் என்னும் ஊரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் போரிட்டு மாண்ட வீரனுக்கு எடுத்தது அது. அவனோடு நின்று கள்வரை எதிர்த்த நாயின் பெயரையும், கோவிவன் என்று அக்கல்லிற் பொறித்திருக்கிறார்கள். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு சிற்றூர் தன் காவலுக்கு நின்ற நாயின் பெயரையும் விடாமல் எழுதியது. நாம் நம் தெருவில் வாழும் மனிதரின் வரியை விட்டுவிடலாமா?

ஆதலின் ஒவ்வொரு பஞ்சாயத்தும், படைவீரர்க்கென ஒரு பதிவேட்டைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்ளுகிறேன். அடுத்த கிராம சபைக்கு முன்னர், வீடுதோறும் சென்று டிஸ்சார்ஜ் புத்தகங்களைப் பார்வையிட்டு நகல் எடுத்து வையுங்கள். முதலில் எண்பதை நெருங்கிய முதியோர் வீட்டிற்கும், கைம்பெண்களின் வீட்டிற்கும் செல்லுங்கள். மனு எழுதுவதில் ஐயம் எழுந்தால் என்னிடம் வாருங்கள். ‘இவ்வலுவலகத்தைச் சார்ந்ததன்று’ என்று இனி நான் எழுதமாட்டேன்.