பால் சுரக்குது, நேரந்தான் இல்லை

(தாய்ப்பால் வாரத்தையொட்டித் தென்காசியில் நடந்த பெண்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னதும் நம்ம தோழர் ஒருத்தர் என்கிட்ட கேட்டார்: "தாய்ப்பாலா? அது ஆஸ்பத்திரி சமாச்சாரம்லா? நம்ம இயக்கத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். அவருக்கு அன்றைக்குச் சொல்லாத பதிலை இன்றைக்குச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

எங்கம்மா பெற்றது நாலு பிள்ளை. இருக்கிறது மூணு. எனக்கு அடுத்துப் பிறந்த தங்கச்சிக்கு நாலு மாசம். அம்மா நாத்து நடப் போகும். வரப்புப் பூவரச மரத்தில் சேலைத் தொட்டில். பிள்ளை அழும். நிரை முடியாமல் கரையேறக் கூடாது என்பது வயல்காரர் வைத்த சட்டம். ஏறினால் அரைக்கூலி. பிள்ளை அழ அழ, சேற்றில் குனிந்து நிற்கிற அம்மாவுக்குப் பால் தானாக வடிந்து ரவிக்கை நனையும். எங்க ஆச்சி வேற வழி இல்லாமல் வாய்க்கால் தண்ணியில் கஞ்சியைக் கரைத்து ஊற்றியது. ரெண்டு நாள் வயித்தால போச்சு. மூணாம் நாள் பிள்ளை இல்லை. அம்மா கடைசி வரைக்கும் சொன்னது ஒரே ஒரு சொல்தான்: "என் மாருல பால் கட்டி நின்னுச்சு, எம்பிள்ளை வயித்துல வாய்க்காத் தண்ணி நின்னுச்சு."

இப்போது சொல்லுங்கள். எங்கம்மாவுக்கு விழிப்புணர்வு இல்லாமலா அந்தப் பிள்ளை செத்தது? பால் நல்லது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். பால் இருந்தது. மனசு இருந்தது. பத்து நிமிஷம் கரையேறுகிற உரிமை இல்லை. ஆகவே தோழரே, இது கூலிப் பிரச்சினை, நிலப் பிரச்சினை, சாதிப் பிரச்சினை. ஆஸ்பத்திரி சமாச்சாரம் மட்டுமில்லை.

முதலில் உடம்பு விஷயத்தைப் பேசிவிடுகிறேன். இதைத் தெரிந்துகொள்வதில் ஆம்பளைகளுக்கும் வெட்கம் வேண்டாம். பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். மார்பில் பால் தேங்கி நின்றால், இவ்வளவு தேவையில்லை என்று உடம்பு சுரப்பைக் குறைத்துவிடும். "பாலு பத்தலை மதினி, அதான் புட்டிப்பால் குடுக்கேன்" என்று சொல்வார்கள். புட்டிப்பால் கொடுத்தால் பிள்ளை சப்புவது குறையும், சப்புவது குறைந்தால் பால் இன்னும் குறையும். கிணற்றில் இறைக்க இறைக்கத்தான் ஊறும் என்பது நமக்குத் தெரியாததா? பால் பத்துதா என்பதற்கு அடையாளம் அழுகை இல்லை. முதல் வாரம் கழிந்த பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போகிறதா, எடை ஏறுகிறதா, அதைப் பாருங்கள். காம்பை மட்டும் வாயில் வைத்தால் புண்ணாகும். சுற்றியிருக்கிற கருவட்டமும் பிள்ளையின் வாய்க்குள் போக வேண்டும். பால் கட்டினால் நிறுத்தக் கூடாது, அடிக்கடி குடிக்க விடணும், இல்லாவிட்டால் பீச்சி எடுக்கணும். காய்ச்சலும் சேர்ந்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போயிரணும்.

நம்ம பக்கம் பிள்ளை பிறந்ததும் சேனை வைப்பது என்று ஒரு வழக்கம். சீனித்தண்ணியைத் தொட்டு நாக்கில் வைப்பது. சீம்பாலைக் கெட்ட பால் என்று பீச்சிக் கீழே விடுவது. மஞ்சளாக, கட்டியாக வருகிற அந்தப் பால்தான் பிள்ளைக்கு முதல் தடுப்பூசி. நோய் எதிர்ப்புச் சக்தி அதில்தான் நிறைய இருக்கு. கொஞ்சந்தானே வருது என்பார்கள். பிறந்த பிள்ளையின் வயிறும் கொஞ்சந்தான். ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடணும். முதல் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும், தண்ணிகூட வேண்டாம். அதன்பிறகு மசித்த சோறும் பருப்பும் சேர்த்து ரெண்டு வயசு வரைக்கும், அதற்கு மேலும் கொடுக்கலாம்.

2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கு மேல் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுத்தது சுமார் 60 தாய்மார். ஆறு மாசம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைகள் நூற்றுக்கு சுமார் 55. எல்லாத் தாயும் ஆஸ்பத்திரி வாசலை மிதித்திருக்கிறாள். அப்புறம் எங்கே விடுபடுது? வேலைக்குத் திரும்புகிற இடத்தில் விடுபடுது.

இந்த வட்டாரத்தில் பெண்களுக்கு என்ன வேலை? கடையநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம் சுற்றி வீட்டுக்கு வீடு மடியில் சுளகு, சுளகில் பீடி இலை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சரி, கணக்குப் போடுவோம். பச்சைப்பிள்ளை ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது குடிக்கும். தடவைக்கு 20 நிமிஷம் என்றால் 160 நிமிஷம். ரெண்டரை மணி நேரத்துக்கு மேல். அந்த நேரத்தில் சுற்றாமல் போன பீடிக்கு யார் கூலி கொடுப்பது? 1966ஆம் வருஷத்துப் பீடித் தொழிலாளர் சட்டம் குழந்தைகள் அறை வேண்டும் என்றது. எங்கே? தொழிற்கூடத்தில். கம்பெனிக்காரன் தொழிற்கூடத்தையே நம்ம வீட்டுத் திண்ணைக்கு மாற்றிவிட்டான். அறை நம்ம அறை, திண்ணை நம்ம திண்ணை, தூளும் நம்ம பிள்ளை மூக்கில். ஒன்று மட்டும் உங்க கையில் இருக்கு: புகையிலை தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிள்ளையை எடுங்க. தொட்டிலைச் சுளகுப் பக்கத்தில் கட்டாதீங்க.

அடுத்தது இடம். பொது இடத்தில் பால் கொடுக்க வெட்கமா இருக்கு என்கிறார்கள். இந்த மார்பைப் பற்றி யார் யார் சட்டம் போட்டார்கள் தெரியுமா? பக்கத்துச் செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூரோடு இருந்த ஊர். அந்த ராஜ்ஜியத்தில் கீழ்ச்சாதி என்று சொல்லப்பட்ட பெண்கள் மார்பை மூடக் கூடாது என்று இருந்தது. நாடார் பெண்கள் பல வருஷம் அடிபட்டுப் போராடினார்கள். 1859இல்தான் ராஜா உத்தரவு போட்டார், அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. அன்றைக்கு மூடினால் குற்றம். இன்றைக்குப் பிள்ளைக்காகத் திறந்தால் அசிங்கம். ரெண்டையும் தீர்மானிக்கிறவன் அவன்.

2015இல் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறை திறந்தது. நல்ல காரியம். ஆனால் போன வருஷம் ஒரு ஊரில் அப்படி ஓர் அறை பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. திறந்து பார்த்தபோது உள்ளே விளக்குமாறும் பழைய நாற்காலியும்.

இந்த இடைவெளியில்தான் டப்பாக்காரன் நுழைகிறான். ஏழை நாடுகளில் பால்பவுடரை விற்ற விதத்தைக் கண்டித்து நெஸ்லே நிறுவனத்தின் பொருள்களைப் புறக்கணிக்கும் போராட்டம் 1977இல் அமெரிக்காவில் தொடங்கியது. 1981இல் உலக சுகாதார அமைப்பு விற்பனை நெறிமுறை கொண்டு வந்தபோது 118 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்து ஓட்டுப் போட்டது அமெரிக்கா ஒன்றுதான். இந்தியாவில் 1992இல் சட்டம் வந்தது, 2003இல் இன்னும் இறுக்கினார்கள். ரெண்டு வயசு வரைக்குமான பால்பவுடருக்கும் புட்டிக்கும் விளம்பரம் கூடாது, தாய்க்கு இலவச டப்பா கொடுக்கக் கூடாது, டப்பாவில் குழந்தை படம் கூடாது. மாணவர்கள் இதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். மீறினால் எழுதிப் புகார் கொடுங்கள்.

பவுடரைக் கரைக்கத் தண்ணீர் வேணுமே? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம்ம மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். பிள்ளைகள் நோயில் விழுந்த பிறகுதான் தண்ணியைச் சந்தேகப்பட்டார்கள். தண்ணியை நம்ப முடியாத தெருவில் புட்டிப்பால் என்றால் என்ன அர்த்தம்? விலை கட்டுப்படி ஆகாமல் ரெண்டு கரண்டி போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டால் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?

இன்னொன்று. 1989இல் பம்பாய் சயான் ஆஸ்பத்திரியில் இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கி வந்தது. இப்போது தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளிலும் இருக்கு. பல தாய்மாரின் பாலைச் சோதித்து, ஒன்றாகச் சேர்த்து, 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, எடை குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். அந்தப் பாத்திரத்தில் யாருடைய பால் எந்தச் சாதி என்று எவனாவது பிரித்துக் காட்டட்டும்! டீக்கடையில் ரெண்டு கிளாஸ் வைத்தவன் பேரன் அங்கே யார் பாலைக் குடித்துப் பிழைத்தான் என்று அவனுக்கே தெரியாது.

நான் தாய்மையைப் போற்றிப் பாட வரவில்லை. தெய்வம் என்று சொல்லிச் சொல்லியே பெண் தலையில் எல்லாச் சுமையையும் கட்டியாச்சு. கொடுக்க முடியாமல் போன தாயைக் குற்றவாளி ஆக்காதீர்கள். எங்கம்மாவை நாற்பது வருஷம் குற்ற உணர்ச்சி தின்றது. அந்த வயல்காரரை ஒரு நாளும் தின்றதாகத் தெரியவில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கொடுப்பது நாட்டுக்கே நல்லது, அந்தச் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்கணும் என்பது அவர் வாதம். 1961 சட்டம் வேலைக்குத் திரும்பிய தாய்க்குப் பிள்ளையின் 15 மாசம் வரை தினம் ரெண்டு பாலூட்டும் இடைவேளை கொடுத்தது, 2017 திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கியது. யாருக்கு? வருகைப் பதிவேட்டில் பேர் இருக்கிறவளுக்கு. நாத்து நடுகிறவளுக்கும் திண்ணையில் பீடி சுற்றுகிறவளுக்கும் அந்தப் பதிவேடு எங்கே? 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில்கூட, ஆறு வயசுக்குக் கீழே அஞ்சு பிள்ளை வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலியோடு நிறுத்தணும் என்று எழுதியிருந்தது. எத்தனை இடத்தில் நிறுத்தினார்கள் என்று இங்கே இருக்கிறவர்களே சொல்லுங்கள்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது: வேலை நடக்கிற இடத்தில் பிள்ளையைப் பார்க்க ஆள், பாலூட்டுகிற நேரத்துக்குக் கூலி, நம்ம தெருவுக்கு நல்ல தண்ணி, பூட்டாத அறை. வீட்டு ஆம்பளைகள் செய்ய வேண்டியது: அந்த 160 நிமிஷம் உலையும் துணியும் உங்க கையில்.

போன வாரம் குற்றாலத்தில் நல்ல சாரல். அருவிக்கரையில் குப்பை அள்ளுகிற நம்ம பிள்ளை ஒருத்தி, வேன் மறைவில் நின்று பாலைப் பீச்சித் தரையில் விட்டுக்கிட்டிருந்தாள். பிள்ளை மூணு மைல் தள்ளி வீட்டில். "கட்டி வலிக்குக்கா, என்ன செய்ய?" என்றாள். ஊரெல்லாம் தண்ணி கொட்டுகிறதைப் பார்க்க வருது. அவள் கொட்டினதை ஒருத்தரும் பார்க்கலை. சுத்தமான பாத்திரத்தில் பீச்சி மூடி வைத்தால் நாலு மணி நேரம் தாங்கும், சங்கில் புகட்டலாம் என்று சொல்லிக் கொடுத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

மீதி, தோழரே, இயக்கத்தின் வேலை.