திரும்பி வரும் வரியும் இருபது ஆண்டு நிபந்தனையும்



வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இந்தக் காலத்தில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: வெளிநாட்டில் வீடு வாங்கிப் பார்! வெளிநாட்டு வீட்டு விளம்பரங்களில் அடிக்கடி தென்படும் ஒரு வாசகம், "விற்பனை வரி முழுவதும் திரும்பக் கிடைக்கும்" என்பது. இது உண்மையா, பொய்யா? உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போட்டவர்கள்தான் பிறகு தவிக்கிறார்கள்.

வீட்டுக்கு விற்பனை வரியா என்று நம்மவர்கள் வியப்பது இயல்பு. சிங்கப்பூரில் பொருள், சேவை வரி 1994ஆம் ஆண்டு வந்தது. 2024 முதல் அது 9 விழுக்காடு. ஆனால் குடியிருப்பு வீட்டை விற்பதற்கு அந்த வரி இல்லை. மலேசியாவில் 2015 முதல் 2018 வரை ஜிஎஸ்டி இருந்த காலத்திலும் குடியிருப்பு வீடுகளுக்கு விலக்கு இருந்தது. முத்திரை வரி நமக்குப் பழக்கம். வீட்டு விலைக்குள்ளேயே விற்பனை வரி ஒளிந்திருப்பது பழக்கமில்லை.

பிரான்சை எடுத்துக்கொள்வோம். மதிப்புக் கூட்டு வரி என்ற முறையே 1954இல் அந்த நாட்டில்தான் பிறந்தது. அங்கே மேம்பாட்டாளரிடமிருந்து புதிய வீடு வாங்கினால் பொதுவாக 20 விழுக்காடு வரி உண்டு. வீட்டின் விலை 200,000 யூரோ என்றால் வரி 40,000 யூரோ. வாங்குபவர் கட்டுவது 240,000. சொந்தமாகக் குடியிருக்க வாங்கினால் அந்த 40,000 போனது போனதுதான்.

அதைத் திரும்பப் பெற ஒரு வழி உண்டு. அதற்கு 'லீஸ்பேக்' என்று பெயர். ஆல்ப்ஸ் மலைப் பனிச்சறுக்கு ஊர்களிலும் கடற்கரை ஊர்களிலும் சுற்றுப்பயணிகளுக்கான குடியிருப்புகளைக் கட்டி, ஒவ்வொரு வீட்டையும் தனித்தனி ஆட்களுக்கு விற்கிறார்கள். வாங்கியவர் தம் வீட்டை உடனே ஒரு நிறுவனத்திடம் குறைந்தது ஒன்பது ஆண்டு வணிகக் குத்தகைக்கு விடவேண்டும். அந்த நிறுவனம் ஹோட்டல் போல அதை நடத்தும்: வரவேற்பு முகப்பு, அறையைச் சுத்தம் செய்வது, படுக்கை விரிப்பு, காலைச் சிற்றுண்டி ஆகிய சேவைகள் இருக்கும். உரிமையாளருக்கு வாடகை வரும். சில ஒப்பந்தங்களில் ஆண்டுக்குச் சில வாரம் தாமே தங்கிக்கொள்ளலாம். அதற்கேற்ப வாடகை குறையும்.

அரசாங்கம் ஏன் 40,000 யூரோவைத் திருப்பித் தருகிறது? தர்மத்துக்கு அல்ல. அந்த வீடு இனி ஒரு வியாபாரம். வாடகைக்கும் வரி வசூலாகும். வியாபாரி சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது வசூலித்த வரியில் கழித்துக்கொள்வார் அல்லவா? அதே கணக்குத்தான் இங்கேயும். ஆகவே வாங்கியவர் அங்குள்ள வரி அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளவேண்டும். காலந்தவறாமல் வரிக் கணக்குக் கொடுக்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கும் பல நாட்டவர் பிரான்சில் ஒரு வரிப் பிரதிநிதியையும் அமர்த்தவேண்டும். அவருக்குக் கட்டணம் உண்டு.

இனிதான் கவனிக்கவேண்டிய பகுதி. திரும்பி வந்த பணம் முழுவதும் நம்முடையது ஆக இருபது ஆண்டு ஆகும். ஆண்டுக்கு இருபதில் ஒரு பங்கு, அதாவது நமது கணக்கில் 2,000 யூரோ வீதம்தான் அது சொந்தமாகிறது. எட்டு ஆண்டு கழித்து "இனி நாங்களே குடியிருக்கப் போகிறோம்" என்று வீட்டை வாடகையிலிருந்து எடுத்துவிட்டால், மீதிப் பன்னிரண்டு ஆண்டுக்கு 24,000 யூரோவை அரசாங்கத்துக்குத் திருப்பிக் கட்டவேண்டும். விற்றாலும் இதே கதைதான். அதே குத்தகையை அப்படியே தொடர ஒப்புக்கொள்பவருக்கு விற்றால் மட்டும் தப்பலாம்.

"ஒன்பது ஆண்டு முடிந்ததும் குத்தகையை நிறுத்திவிடலாமே" என்று சிலர் நினைப்பார்கள். பிரெஞ்சு வணிகக் குத்தகைச் சட்டம் குத்தகைக்காரருக்குப் புதுப்பிக்கும் உரிமை தருகிறது. உரிமையாளர் மறுத்தால் நடத்தும் நிறுவனத்துக்கு இழப்பீடு கொடுக்கவேண்டியிருக்கும். சொந்த வீட்டுக்குள் நுழையவே பணம் கொடுக்கவேண்டிய நிலை!

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, நடத்தும் நிறுவனமே நொடித்துப்போவது. பிரான்சில் இப்படிப் பல நிறுவனங்கள் நொடித்தன. வேறு சில, வாடகையைக் குறைக்கச் சொல்லி உரிமையாளர்களை நெருக்கின. அங்கே வாடகை நின்றுபோனாலும் இங்கே வங்கிக் கடன் தவணை நிற்காது. அதே தரத்தில் நடத்த வேறு நிறுவனம் கிடைக்காவிட்டால் வரியின் மீதிப் பங்கும் கழுத்துக்கு வரும்.

அப்படியானால் வாங்கவே கூடாதா? அப்படியல்ல. இருபது ஆண்டு பொறுமையும், வாடகை இல்லாமல் சில காலம் தாக்குப்பிடிக்கும் வசதியும் உள்ளவருக்கு இது ஒரு முதலீடு. ஓய்வுக்காலத்தில் போய்க் குடியிருக்க நினைப்பவருக்கு இது வீடு அல்ல. மகளின் படிப்புக்காகச் சேர்த்த பணத்தையும் ஓய்வுக்காலச் சேமிப்பையும் போடுகிறவர் இருமுறை யோசிக்கவேண்டும்.

கையெழுத்துக்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. விளம்பரத்தில் உள்ள விலை வரி சேர்ந்ததா, சேராததா? வாடகைக்கு உறுதி சொல்லும் நிறுவனம் எத்தனை ஆண்டாகத் தொழில் செய்கிறது, அதன் கணக்கு எப்படி? குத்தகையை முடித்தால் இழப்பீடு எவ்வளவு? இவற்றுக்கான பதிலைச் சொத்து முகவரின் வாயிலிருந்து கேட்டால் போதாது. ஒப்பந்தத்தை மொழிபெயர்த்து, தமக்கென அமர்த்திய வழக்கறிஞரிடம் காட்டவேண்டும். வழக்கறிஞர் கட்டணம் செலவுதான். 24,000 யூரோவோடு ஒப்பிட்டால் அது சிறிய செலவு.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது ஆற்றுக்கு மட்டும் சொன்னதல்ல. திரும்பி வரும் வரியைத் தள்ளுபடி என்று எண்ணாமல், இருபது ஆண்டில் அடையும் கடன் என்று எண்ணிக் கணக்குப் போடுங்கள். அந்தக் கணக்கிலும் இலாபம் தெரிந்தால் தாராளமாக வாங்கலாம்.